இரத்த அழுத்தத்தை ஆளும் ஹார்மோன் தொடரும் அதைத் தடுக்கும் மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய பெயர்களுள் ஒன்றையாவது மருந்துச் சீட்டில் காணாத இரத்த அழுத்த நோயாளிகள் குறைவு. இவை யாவும் ரெனின், ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் என்று தொடரும் ஒரே ஹார்மோன் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளில் வேலை செய்பவை. ஒரு மருந்து எந்தக் கண்ணியில் கைவைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதன் பயனை மட்டுமன்றி அதன் பக்கவிளைவுகளையும் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகித்துவிடலாம். கீழே உள்ள விடைகள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

இந்த ஹார்மோன் அமைப்பு உடலில் எதற்காக இருக்கிறது?

உடலில் நீரும் உப்பும் குறையும்போதும், காயத்தால் இரத்தம் வெளியேறும்போதும், அழுத்தம் சரிந்துவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டி முடிச்சுக்கும் இரத்தம் கொண்டுவரும் நுண்தமனியின் சுவரில், ரெனின் என்ற நொதியைச் சேமித்து வைத்திருக்கும் சிறப்புச் செல்கள் உள்ளன. அந்த நுண்தமனிக்குள் வரும் இரத்தத்தின் அழுத்தம் தாழ்ந்தாலோ, சிறுநீரகக் குழலின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கடந்து செல்லும் உப்பு குறைந்தாலோ, உடலை அவசரநிலைக்கு முடுக்கும் பரிவு நரம்புகள் பீட்டா-1 ஏற்பிகளை (ஏற்பி என்பது செல்லில் ஹார்மோன் போன்றவை வந்து பொருந்தும் இடம்) தூண்டினாலோ அச்செல்கள் ரெனினை வெளிவிடுகின்றன.

ரெனின் தானாக எந்த இரத்தக்குழாயையும் சுருக்குவதில்லை. கல்லீரல் உருவாக்கி இரத்தத்தில் விட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற பெரிய புரதத்தின் முனையிலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை அது வெட்டியெடுக்கிறது. ஆஞ்சியோடென்சின்-1 எனப்படும் இத்துண்டுக்கும் சொல்லத்தக்க வலிமை இல்லை. இரத்தக்குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரலின் பரந்த குழாய்ப் பரப்பில், ஒட்டியிருக்கும் ஏ.சி.இ. என்ற மாற்று நொதி இதன் வாலிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நீக்கிய பிறகுதான், எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. தொடர் முழுவதிலும் உண்மையான செயல்வீரன் இதுவே.

ஆஞ்சியோடென்சின்-2 இரத்தத்தில் நெடுநேரம் நிலைப்பதில்லை. ஆனால் அந்தக் குறுகிய வாழ்நாளுக்குள் அது செய்யும் வேலைகள் பல. ஏடி-1 எனப்படும் ஏற்பிகளில் பொருந்தி நுண்தமனிகளைச் சுருக்குகிறது, அட்ரீனல் சுரப்பியிலிருந்து அல்டோஸ்டிரோனை வரவழைக்கிறது, தாகத்தைத் தூண்டுகிறது, நீரை உடலில் நிறுத்திவைக்கும் ஹார்மோன் சுரக்கவும் வழிசெய்கிறது. அல்டோஸ்டிரோன் தன் பங்குக்குச் சிறுநீரகக் குழல்களில் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சச் செய்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இவை அனைத்தும் ஒன்றுசேரும்போது அழுத்தம் ஏறுகிறது. இரத்தப்போக்கின்போது உயிர்காக்கும் இந்த ஏற்பாடே, ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேல் இயங்கினால் இதயச் சுவரைத் தடிக்கவைத்து, சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தழும்பாக்குகிறது.

சிறுநீரகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரியவந்தது?

1898இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களின் இரத்தத்தில் செலுத்தியபோது அவற்றின் அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று அவர்கள் பெயரிட்டனர். அதன் பிறகு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகே துறையின் கவனம் மீண்டும் சிறுநீரகத்தின் பக்கம் திரும்பியது. அல்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது இன்னும் பின்னால், 1953இல்.

மருந்துகள் இச்சங்கிலியை எந்தெந்த இடங்களில் தடுக்கின்றன?

தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்தால், ரெனின் வெளிவருவதைப் பீட்டா தடுப்பான்கள் குறைக்கின்றன; அவை அழுத்தத்தைக் குறைப்பதற்கு இது ஒரு பகுதிக் காரணம். வெளிவந்த ரெனினின் வெட்டும் திறனை நேரடியாக முடக்குவது 2007இல் பயன்பாட்டுக்கு வந்த அலிஸ்கிரென். ஆஞ்சியோடென்சின்-1 ஆஞ்சியோடென்சின்-2ஆக மாறுவதைத் தடுப்பவை ஏ.சி.இ. தடுப்பான்கள்; பெயர் ‘பிரில்’ என்று முடிபவை இவ்வகை. ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதை விட்டுவிட்டு, அது ஏடி-1 ஏற்பியில் பொருந்தாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்பவை ‘சார்டன்’ என்று முடியும் மருந்துகள். கடைசிக் கண்ணியில் அல்டோஸ்டிரோனின் ஏற்பியை அடைப்பவை ஸ்பைரோனோலாக்டோன், எப்லெரினோன், ஃபினெரினோன் ஆகியவை.

ஏ.சி.இ. தடுப்பான்கள் பாம்பு நஞ்சிலிருந்து பிறந்தவை என்பது உண்மையா?

மாத்திரையில் நஞ்சு ஏதும் இல்லை; ஆனால் வழிகாட்டியது நஞ்சுதான். பிரேசிலில் வாழும் ஜரராக்கா என்ற விரியன் கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் கடுமையாகச் சரிவதுண்டு. அந்நஞ்சில் உள்ள ஒரு பொருள், பிராடிகைனின் என்ற குழாய் விரிப்பானின் விளைவைப் பன்மடங்கு கூட்டுகிறது என்று 1965இல் பிரேசிலிய ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரைரா வெளியிட்டார். பின்னர் இலண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்தில், அதே நஞ்சுச் சாறு ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியையும் முடக்குவது தெரியவந்தது. அதிலிருந்து கிடைத்த டெப்ரோடைட் என்ற ஒன்பது அமினோ அமிலச் சேர்மம் நோயாளிகளின் அழுத்தத்தைக் குறைத்தது. எனினும் ஊசியாக மட்டுமே செலுத்த முடிந்ததால், நாள்தோறும் எடுக்கவேண்டிய மருந்தாக அது உதவவில்லை.

ஸ்குவிப் மருந்து நிறுவனத்தின் டேவிட் குஷ்மனும் மிகுவல் ஒண்டெட்டியும் அடுத்துச் செய்தது, என் கருத்தில், மருந்து வடிவமைப்பின் வரலாற்றிலேயே அழகான ஒரு பணி. ஏ.சி.இ. நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கவேண்டும் என்றும், வடிவம் ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு செரிமான நொதியை அது ஒத்திருக்கவேண்டும் என்றும் அவர்கள் ஊகித்தனர். துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளக் கந்தகம் கொண்ட ஒரு தொகுதியையும், நஞ்சுச் சேர்மத்தின் வால்முனையில் உள்ள புரோலின் அமினோ அமிலத்தையும் இணைத்து 1975இல் அவர்கள் உருவாக்கிய சிறு மூலக்கூறே கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. அதே கந்தகத் தொகுதி சிலருக்கு நாவில் சுவையைக் கெடுத்தது. மருந்தின் விளைவு விரைவில் தீர்ந்ததால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை எடுக்கவேண்டியும் இருந்தது. பின்னர் வந்த எனலாப்ரிலும் லிசினோப்ரிலும் கந்தகம் இல்லாதவை. ஒரு நாளைக்கு ஒரு வேளையோ இரு வேளையோ போதுமானவை.

ஏ.சி.இ. தடுப்பான் எடுத்தால் வறட்டு இருமல் ஏன் வருகிறது?

ஏ.சி.இ. நொதிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஆஞ்சியோடென்சின்-2ஐ உருவாக்குவது ஒன்று. பிராடிகைனினைச் சிதைப்பது மற்றொன்று. நொதி முடங்கும்போது பிராடிகைனின் சிதையாமல் தேங்குகிறது. குழாய்களை விரிப்பதால் அது அழுத்தம் குறைவதற்குத் துணைசெய்கிறது. மூச்சுப்பாதையின் நரம்பு முனைகளை உறுத்துவதால் இருமலையும் உண்டாக்குகிறது. சளியற்ற, தொண்டையைக் கீறுவது போன்ற இந்த இருமல் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. பெண்களிடமும் கிழக்காசிய வம்சாவளியினரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால், இருமலுக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு எளிதில் பிடிபடுவதில்லை. இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருப்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, அவர் எடுக்கும் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர். மருந்தை நிறுத்திய ஒன்று முதல் நான்கு வாரங்களில் பொதுவாக இருமல் அடங்கிவிடும். அளவைக் குறைப்பதால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை.

இதே பிராடிகைனின் தேக்கத்தால், மிகச் சிலருக்கு உதடு, நாக்கு, முகம், தொண்டை ஆகியவை திடீரென வீங்குவதுண்டு. இருமல் தொல்லை மட்டுமே. வீக்கம் உயிருக்கு ஆபத்து. மூச்சுப்பாதை அடைபடக்கூடும் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லவேண்டும்; அப்படி ஒருமுறை வீங்கியவருக்கு ஏ.சி.இ. தடுப்பான் எதையும் மீண்டும் கொடுக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி எடுத்துவந்தவருக்கும் இது வரக்கூடும்.

அப்படியானால் சார்டன்கள்தான் சிறந்தவையா?

1995இல் லோசார்டனுடன் தொடங்கிய இவ்வகை மருந்துகள் ஏ.சி.இ. நொதியைத் தொடுவதில்லை. எனவே பிராடிகைனின் வழக்கம்போல் சிதைகிறது. இருமல், மருந்தில்லாதவர்களிடம் காணப்படும் அளவைத் தாண்டுவதில்லை. வீக்கமும் மிக அரிது. அழுத்தத்தைக் குறைப்பதில் இரு வகைகளும் ஏறத்தாழச் சமம். ஆஞ்சியோடென்சின்-2 சிறிதளவு வேறு நொதிகளாலும் உருவாகக்கூடும் என்பதால், ஏற்பியிலேயே தடுப்பது முழுமையானது என்று சொல்லப்பட்டது. ஆயினும் 25,000க்கும் மேற்பட்டோரை வைத்து டெல்மிசார்டனையும் ராமிப்ரிலையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆண்டார்கெட் ஆய்வு, இதயப் பாதுகாப்பில் இரண்டும் இணையானவை என்றே காட்டியது. ஆகவே இருமல் இல்லாமல் ஏ.சி.இ. தடுப்பானில் நன்றாக இருப்பவர், கேள்விப்பட்டதை மட்டும் வைத்து மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

சார்டன்களுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டு. லோசார்டன் யூரிக் அமிலத்தைச் சிறிது குறைக்கும். கீல்வாதம் உள்ளவர்களுக்கு அது ஓர் அனுகூலம். டெல்மிசார்டனின் விளைவு ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். அது பெரும்பாலும் பித்தத்தின் வழியே வெளியேறுகிறது.

மருந்து தொடங்கிய பின் கிரியேட்டினின் ஏறிவிட்டது. சிறுநீரகத்தைக் காக்கவேண்டிய மருந்தே கெடுக்கிறதா?

இந்தப் பக்கத்தில் கவனமாகப் படிக்கவேண்டிய விடை இது என்று கருதுகிறேன். சரியாக விளங்காததால் நல்ல மருந்து பாதியில் கைவிடப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுக்குள் ஒரு நுண்தமனி வழியாக இரத்தம் நுழைகிறது; மற்றொரு நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. வடிகட்டல் நடப்பதற்குக் காரணம் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள அழுத்தம். ஓடும் தண்ணீர்க் குழாயின் வெளிவாயை விரலால் பாதி மூடினால் குழாய்க்குள் அழுத்தம் கூடுவதுபோல, ஆஞ்சியோடென்சின்-2 வெளியேறும் நுண்தமனியைக் கூடுதலாகச் சுருக்கி முடிச்சுக்குள் அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறது. நீரிழிவு போன்ற நிலைகளில் இந்த உள்ளழுத்தம் ஏற்கெனவே மிகுந்திருப்பதால் வடிகட்டிகள் மெல்ல நைந்து, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்குகிறது. ஏ.சி.இ. தடுப்பானோ சார்டனோ கொடுத்தவுடன் வெளிவாய் தளர்கிறது. முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. புரதக் கசிவு குறைகிறது. அதே நேரத்தில் வடிகட்டப்படும் அளவும் சற்றுக் குறைவதால், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுகிறது. அந்தச் சிறு ஏற்றமும் சிறுநீரகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

எவ்வளவு ஏற்றத்தை ஏற்கலாம்? தொடக்க அளவிலிருந்து 30 விழுக்காடு வரை ஏறி, பின் அங்கேயே நின்றால் மருந்தைத் தொடர்வதே பொதுவான நடைமுறை. எடுத்துக்காட்டாக, 1.0 ஆக இருந்த கிரியேட்டினின் இரண்டு வாரங்களில் 1.2 ஆவது எதிர்பார்த்ததே. அது 1.5 ஆனால் காரணத்தைத் தேடவேண்டும்: நீரிழப்பு, வலிநிவாரணி மாத்திரை, அளவுக்கு மீறிய சிறுநீர்ப் பெருக்கி, அல்லது இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருத்தல். கடைசியாகச் சொன்ன நிலையில், குறைந்து வரும் இரத்த ஓட்டத்தை ஈடுகட்ட ஆஞ்சியோடென்சின்-2இன் இறுக்கத்தையே சிறுநீரகம் நம்பியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வடிகட்டல் பெருமளவு சரிந்துவிடும். ஆகவே மருந்து தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய, ஒன்றிரண்டு வாரங்களில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் சோதிக்கிறார்கள்.

பொட்டாசியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

பொட்டாசியத்தை வெளியேற்றுவது அல்டோஸ்டிரோனின் வேலை. சங்கிலியை எங்கே தடுத்தாலும் அல்டோஸ்டிரோனின் விளைவு குறைகிறது. பொட்டாசியம் உடலில் தங்குகிறது. இரத்தத்தில் அது வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்கும். 5.5ஐத் தாண்டினால் மருத்துவர் மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்வார். 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடக்கூடும். இதில் சிக்கல் என்னவென்றால், மிக உயரும்வரை பெரும்பாலும் அறிகுறி ஏதும் தெரியாது. சிறுநீரகச் செயல் குறைந்தவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. இம்மருந்துகளை எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு இடங்களில் தடுத்தால் இரட்டிப்புப் பயன் கிடைக்காதா?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் சோதனையில் தோற்றுவிட்டது. முன் சொன்ன ஆண்டார்கெட் ஆய்வில் ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் இல்லை. தாழ் அழுத்தம், மயக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவையே கூடின. நீரிழிவு நோயாளிகளுக்கு இவ்வகை மருந்துகளுள் ஒன்றுடன் அலிஸ்கிரெனையும் சேர்த்துக் கொடுத்த மற்றோர் ஆய்வு, தீங்கு மிகுந்ததால் 2011 டிசம்பரில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே ‘பிரில்’ ஒன்றும் ‘சார்டன்’ ஒன்றும் ஒரே சீட்டில் இருந்தால், அது வேண்டுமென்றே எழுதப்பட்டதா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

பிறகு ஏன் ஸ்பைரோனோலாக்டோனை மட்டும் கூடச் சேர்க்கிறார்கள்?

ஆஞ்சியோடென்சினைத் தடுத்த பிறகும் அல்டோஸ்டிரோன் முழுமையாக அடங்குவதில்லை. பொட்டாசியமே அதைச் சுரக்கத் தூண்டும். மேலும் சில மாதங்களில் பலருக்கு அதன் அளவு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இதயத் தசையைத் தழும்பாக்குவதில் அதற்குத் தனிப் பங்கு உண்டு. கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏ.சி.இ. தடுப்பானுடன் நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் அளவில் ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்த்தபோது இறப்பு 30 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு காட்டியது. மூன்று மருந்துகள் எடுத்தும் அடங்காத உயர் அழுத்தத்தில் நான்காவதாகச் சேர்க்க இதுவே பெரும்பாலும் முதல் தேர்வு.

இம்மருந்து பாலியல் ஹார்மோன்களின் ஏற்பிகளிலும் தலையிடுவதால், ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மார்பு வீக்கமும் வலியும் வருகின்றன. கூச்சத்தால் பலர் இதைச் சொல்வதில்லை. சொன்னால் எப்லெரினோனுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. 2021இல் வந்த ஃபினெரினோனும் அவ்வாறே. நீரிழிவினால் வரும் சிறுநீரக நோயில் அது பயன்படுகிறது.

எனக்கு இரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. பிறகு ஏன் எழுதிக்கொடுத்தார்கள்?

இதயம் தளர்ந்திருந்தாலோ, மாரடைப்பு வந்து போயிருந்தாலோ, சிறுநீரில் புரதம் கசிந்தாலோ, அழுத்தம் இயல்பாக இருந்தாலும் இம்மருந்துகள் தரப்படலாம். கடும் இதயச் செயலிழப்பு இருந்த 253 பேரிடம் நடத்தி 1987இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், எனலாப்ரில் ஆறு மாத இறப்பை 44 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைத்தது.

இம்மருந்து எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யுமா?

இல்லை. ரெனின் குறைவாகச் சுரப்பவர்களிடம், அதாவது முதியோர் பலரிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும், தனியாகக் கொடுத்தால் விளைவு குறைவு. சிறுநீர்ப் பெருக்கியோ கால்சியம் சேனல் தடுப்பானோ சேர்ந்தால் நிலைமை மாறும். சிறுநீர்ப் பெருக்கி உப்பை வெளியேற்றும்போது உடல் ரெனினைக் கூட்டி ஈடுகட்ட முயல்கிறது. அந்த முயற்சியைத்தான் இம்மருந்து முறியடிக்கிறது. ஒரே மாத்திரையில் இரண்டும் சேர்ந்து வருவதன் காரணம் இதுவே. உணவில் உப்பைக் குறைத்தாலும் இதே முறையில் மருந்தின் விளைவு கூடும்.

வலிநிவாரணி எடுக்கலாமா? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது?

இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்தமனியை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுக்கின்றன. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்தோ வெளியேறும் பக்கத்தைத் தளர்த்துகிறது. கூடவே சிறுநீர்ப் பெருக்கியும் இருந்து இரத்த அளவும் குறைந்திருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே செயலிழக்கச் செய்யக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பான முதல் தேர்வு. கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து நீர் அருந்தவும் முடியாதபோது, இம்மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு; அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனநிலைக் கோளாறுக்காக லித்தியம் எடுப்பவர்களுக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறும் ஆபத்தும் உண்டு.

கர்ப்ப காலத்தில் எடுக்கலாமா?

கூடாது. வளரும் சிசுவின் சிறுநீரகத்துக்கு ஆஞ்சியோடென்சின் இன்றியமையாதது. நான்காம் மாதத்திலிருந்து இம்மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, பனிக்குட நீரைக் குறைத்து, நுரையீரல் வளர்ச்சியையும் மண்டையோட்டு எலும்பாக்கத்தையும் கெடுக்கின்றன. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாறவேண்டும். எதிர்பாராமல் கருத்தரித்தது தெரிந்தால் அன்றே மருத்துவரை அணுகவேண்டும்.

முழுப் பலன் எப்போது தெரியும்? காலையா, இரவா?

முதல் மாத்திரையிலேயே அழுத்தம் சற்று இறங்கும். முழு விளைவுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். சிறுநீர்ப் பெருக்கி எடுப்பவர்களுக்கு முதல் வேளைக்குப் பின் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். காலையில் எடுப்பதற்கும் இரவில் எடுப்பதற்கும் இதய நோயைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியதால், மறக்காமல் எடுக்க முடிகிற நேரமே சரியான நேரம்.

சாகுபிட்ரில் சேர்ந்த மாத்திரைக்கு மாறும்போது சில நாள் இடைவெளி விடச் சொல்வது ஏன்?

இதயச் செயலிழப்புக்காக 2015இல் அறிமுகமான இம்மாத்திரையில் வால்சார்டனுடன் சாகுபிட்ரிலும் உள்ளது. உப்பையும் நீரையும் வெளியேற்றும் இதய ஹார்மோன்களைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைச் சாகுபிட்ரில் தடுக்கிறது. அதனால் அந்த நல்ல ஹார்மோன்கள் கூடுதல் நேரம் நிலைக்கின்றன. ஆனால் நெப்ரிலைசினும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதிகளுள் ஒன்று. ஏ.சி.இ.யும் நெப்ரிலைசினும் ஒரே நேரத்தில் முடங்கினால் பிராடிகைனினுக்கு வெளியேற வழி குறுகி, நாக்கும் தொண்டையும் வீங்கும் ஆபத்து மிகுகிறது. கூட்டு மாத்திரையில் ‘பிரில்’லுக்குப் பதிலாகச் சார்டன் வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. எனலாப்ரில் போன்றவற்றிலிருந்து மாறுபவர் கடைசி வேளைக்குப் பின் குறைந்தது 36 மணி நேரம் கழித்தே புதிய மாத்திரையைத் தொடங்கவேண்டும்; சார்டனிலிருந்து மாறுபவருக்கு இந்த இடைவெளி தேவையில்லை. பழைய மாத்திரை அட்டை வீட்டில் மீதமிருந்தால், இரண்டையும் தவறுதலாகச் சேர்த்து விழுங்காதபடி அதை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.